கசிந்ததா, கசிய விட்டார்களா?



கீரிமலை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, சுன்னாகம் பக்கத்து உறவுகளுக்கும், முக்கியமாகப் பிள்ளைகளை ஆங்கில ரியூசனுக்கு அனுப்புகிற அம்மா அப்பாமாருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆனால் நம்முடைய கிணற்றுத் தண்ணீர் பற்றியது. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். இதில் "நாங்கள்" என்றால் இந்தப் பக்கத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியர்கள். "நாம்" என்றால் நீங்களும் சேர்த்தி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே "வீ"தான். ஆங்கிலத்திடம் இல்லாத ஒன்று தமிழிடம் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

எங்கள் பிழையிலிருந்தே தொடங்குகிறோம். 2015ஆம் ஆண்டு. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு ஒயில் மிதக்குது என்று ஊரெல்லாம் பேச்சு. பவுசரில் தண்ணீர் வரும்வரை சனம் வாளியோடு காத்து நின்ற காலம். தரம் 9 பிள்ளை ஒருத்தி "என்னுடைய கிராமம்" என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாள். அதில் ஒரு வசனம்: "தே போர்ட் ஒயில் இன்ரு அவர் வெல்." எங்கள் கிணற்றுக்குள் ஒயிலை ஊற்றினார்கள் என்று பொருள். நாங்கள் சிவப்புப் பேனையால் அதை வெட்டினோம். "ஒயில் லீக்ட் இன்ரு அவர் வெல்" என்று மேலே எழுதினோம். ஒயில் கசிந்தது. ஒரு புள்ளியும் குறைத்தோம்.

பிள்ளை கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சேர், லீக் எண்டால் அதை ஒருத்தரும் செய்யேல்லை எண்டுதானே கருத்து?"

"அது சரியான சொல், பேப்பரிலயும் அப்பிடித்தான் போடினம்" என்று சொல்லி அவளை இருத்தினோம். அன்றைக்கு அந்த வகுப்பில் ஆங்கிலம் சரியாக விளங்கியிருந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அது நாங்கள் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் எப்படிப் போய்ச் சேருகிறது? ரியூசன் நோட்டை எடுத்துப் பாருங்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். "போர்", ஊற்று. "ஸ்பில்", ஊற்று அல்லது சிந்து. "லீக்", ஒழுகு. "ட்ரெய்ன்", வடி. "ட்ரோ", படம் கீறு. அவ்வளவுதான். பாடமாக்கு, எழுது, மறந்துவிடு. "வெல்லில் தண்ணியை ட்ரோ பண்ணினான்" என்று பாடத்தில் வந்தால் பிள்ளை கிணற்றுக்குள் படம் கீறுகிறது.

இப்படிப் படிப்பிப்பது சொல்லைக் கொடுத்து அதன் பொருளைப் பறிப்பதற்குச் சமன் என்று சொல்கிறோம். இதற்கு வறுமையோ பாடத்திட்டமோ காரணமில்லை. நம் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிற தமிழை நாம் மதிக்காததுதான் காரணம்.

வாருங்கள், கீரிமலைக் கேணிக்குப் போவோம். ஒரு பக்கம் கடல், உப்பு. இடையில் ஒரு மதில். இந்தப் பக்கம் கல்லுக்குள்ளிருந்து வருகிற நல்ல தண்ணீர். ஆறு வயதுப் பிள்ளையிடம் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். தண்ணீர் அடியில் ஊறுது. அப்பா வாளியால் அள்ளுறார். தலையில வார்க்கிறார். அண்ணா குதிக்க தண்ணி தெறிக்குது. கொண்டு போகேக்க வாளியால சிந்துது. நிரம்பினால் வழியுது. மிச்சம் கடலுக்குப் பாயுது. ஏழு வினைச்சொற்கள். ஒன்றைக்கூட அந்தப் பிள்ளை மாற்றிச் சொல்லாது. "தண்ணி தலையில சிந்தினார்" என்று எந்தப் பிள்ளையாவது சொல்லுமா?

அந்த ஏழுக்கும் ஆங்கிலத்தில் சொல் இருக்கிறது. அள்ளுவது "ஸ்கூப்". வார்ப்பது "போர்". தெறிப்பது "ஸ்ப்ளாஷ்". சிந்துவது "ஸ்பில்". வழிவது "ஓவர்ஃப்ளோ". பாய்வது "ஃப்ளோ". ஊறுவது "வெல் அப்". கடைசியைக் கவனியுங்கள். நம்மிடம் "ஊற்று" என்பது கேணியில் சுரக்கும் நீரூற்றுக்கும் பெயர், கையால் செய்யும் வேலைக்கும் வினை. ஆங்கிலத்திலும் "வெல்" என்பது கிணறு, அதே சொல் நீர் மேலெழுந்து வருவதற்கும் வினை. இரண்டு மொழியும் தண்ணீரை உற்றுப் பார்த்தவர்களின் மொழி. இதைச் சொல்லிக் கொடுத்தால் தரம் 6 பிள்ளையே சிரித்துக்கொண்டு விளங்கிக்கொள்ளும்.

இனி இந்தச் சொற்களுக்குள் என்ன வித்தியாசம்?

"போர்" என்றால் கை பொறுப்பில் இருக்கிறது. தேத்தண்ணியைக் கோப்பையில் வார்க்கிற கை, எங்கே விழவேண்டும் என்று தெரிந்து சரிக்கிற கை. மழை கொட்டுவதற்கும் இதே சொல் உண்டு, ஆனால் ஒருவர் செய்தார் என்று வந்தால் அது தெரிந்து செய்தது. "ஸ்பில்" என்றால் கை தவறியது. ஆள் உண்டு, எண்ணம் இல்லை. "லீக்" என்றால் பிழை பாத்திரத்தில். ஓட்டை, வெடிப்பு, கழன்ற பூட்டு. நாம் கூரை ஒழுகுது என்றும் சொல்வோம், மழை ஒழுகுது என்றும் சொல்வோம். ஆங்கிலத்திலும் கூரையும் "லீக்" ஆகும், தண்ணீரும் "லீக்" ஆகும். "சீப்" என்றால் மண்ணுக்குள்ளால், கல்லுக்குள்ளால், மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் ஊடுருவுவது. "ட்ரெய்ன்" என்றால் வெறுமையாகும்வரை வடிய விடுவது. "டம்ப்" என்றால் வேண்டாததைக் கொண்டுபோய்க் கொட்டுவது. "டிஸ்சார்ஜ்" என்றால் உள்ளே இருந்ததை வெளியே விடுவது. தொழிற்சாலைப் பத்திரங்களில் வருகிற நாகரிகமான சொல். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டுவதற்கும் அதே சொல்தான்.

இன்னொன்று. நம் பிள்ளைகள் எல்லாரும் விடுகிற பிழை: "ஃபில் வோட்டர் இன் த பொட்டில்." தமிழில் "போத்தலில தண்ணியை நிரப்பு" என்று சொல்கிறோம், அதனால் வருகிறது. ஆங்கிலத்தில் "ஃபில்" போத்தலைத்தான் பிடிக்கும். தண்ணீரைப் பிடிக்கிறது "போர்". தண்ணீரைப் போத்தலுக்குள் "போர்", போத்தலைத் தண்ணீரால் "ஃபில்". முதலாவது தண்ணீர் போன வழியைச் சொல்கிறது, இரண்டாவது பாத்திரம் என்ன ஆனது என்பதைச் சொல்கிறது. வினைச்சொல் எதைப் பார்க்கச் சொல்கிறதோ அதைத்தான் வாசிக்கிறவரும் பார்ப்பார்.

இது இலக்கண விளையாட்டு என்று நினைக்காதீர்கள். திரும்பச் சுன்னாகத்துக்கு வருவோம்.

"ஒயில் கசிந்தது." இந்த வசனத்தில் ஆள் எங்கே? இல்லை. ஒயில் தானாக எழும்பி, தானாக நடந்து, தானாகக் கிணற்றுக்குள் இறங்கியதுபோல ஒரு வசனம். ஒரு குழாய், ஒரு தாங்கி, ஒரு வெடிப்பு. பாவம், யாரைக் குற்றம் சொல்வது?

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் அதை இயக்கிய விதமே நிலத்தடி நீர் மாசடையக் காரணம் என்று கண்டது. பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா செலுத்தச் சொன்னது. மாசாக்கியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டைப் பேசியது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர் தெற்கைச் சேர்ந்த ஒரு சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர். அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே ஒன்று கேட்கிறோம்: நம்முடைய கிணற்றுக்கு நடந்ததைக் கொழும்பில் போய் ஆங்கிலத்தில் சொல்ல நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தயாராக இருந்தார்கள்? தயாராக இருந்த ஒருத்தியையும் சிவப்புப் பேனையால் திருத்தியது யார்?

தீர்ப்பு வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் நாம் என்ன சொல்கிறோம்? "சுன்னாகத்தில ஒயில் கசிஞ்சது தெரியும்தானே" என்கிறோம். நீதிமன்றம் ஆளைக் கண்டுபிடித்த பிறகும் நம் வாய் ஆளை ஒளிக்கிறது.

சரி, அந்தப் பிள்ளை எழுதிய "போர்ட்" சரியா? முழுச் சரியில்லை. கிணற்றுக் கட்டில் நின்று ஒருவரும் வாளியால் ஊற்றவில்லை. நாங்கள் எழுதிய "லீக்ட்" சரியா? அது அதைவிடப் பிழை. நடந்தது இரண்டு கட்டம். முதலாவதை மனிதர் செய்தார்கள், இரண்டாவதை நிலம் செய்தது. மனிதர் விட்டார்கள், அது சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் ஊடுருவியது. தமிழில் இதற்கு ஒரு அருமையான அமைப்பு இருக்கிறது: கசிய விட்டார்கள். ஆங்கிலத்திலும் இருக்கிறது: "தே லெட் இட் சீப்." வேண்டுமென்று செய்தாலும் அந்தச் சொல் பொருந்தும். கவலையீனமாக விட்டாலும் பொருந்தும். ஆளை விடாது.

"கசிந்தது" என்பதற்கும் "கசிய விட்டார்கள்" என்பதற்கும் இடையில் இருப்பது ஒரு சின்ன "விடு". அந்தச் சின்னச் சொல்லுக்குள்தான் பொறுப்பு முழுவதும் இருக்கிறது.

பரீட்சைக்கும் இதே கதைதான். 2024 செப்டெம்பரில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக் கேள்விகள் சில முன்கூட்டியே வெளியில் வந்து நாடே கொதித்தது. "வினாத்தாள் கசிவு" என்று எழுதினோம். கடதாசி எப்படிக் கசியும்? ஆங்கிலத்தில் ஒரு மனிதர் "லீக்" செய்கிறார் என்றால் அது பெரும்பாலும் இரகசியத்தைத்தான், அங்கே ஆள் நிச்சயம் உண்டு. தமிழுக்குக் கொண்டுவரும்போது ஆளைக் கழற்றிவிட்டுச் சொல்லை மட்டும் கொண்டுவந்தோம்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவே பொய்யாகிவிடும்.

யுத்தம் நடந்த நாடுகளைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளைப் பாருங்கள். அகதிகள் "போர்ட் அவுட்", "ஸ்ட்ரீம்ட் அவுட்" என்று போடுவார்கள். சனத்தைத் தண்ணீர்போல ஊற வைத்து, வழிய வைத்து, ஓட வைத்து எழுதுவார்கள். நாமும் குறைவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் "வெளியேறினார்கள்" என்று இன்றைக்கும் எழுதுகிறோம். வலிகாமம் வடக்குச் சனம் "இடம்பெயர்ந்தது" என்கிறோம். தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோல எல்லாரும் தன்பாட்டில் போய்விட்டார்கள்!

இதை எழுதுகிற கை முஸ்லிம் கை. ஆகவே முழு வசனத்தைச் சொல்கிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். கீரிமலை உட்பட வலிகாமம் வடக்குச் சனத்தை அதே வருடம் யுத்தம் விரட்டியது, அவர்களின் காணிகளை இருபது வருடத்துக்கு மேலாக இராணுவம் உயர் பாதுகாப்பு வலயம் என்று பிடித்து வைத்திருந்தது. இரண்டு வசனத்திலும் எழுவாய் இருக்கிறது, செய்தவர் இருக்கிறார். பழிவாங்குவதற்காக இதை எழுதவில்லை. எழுவாய் இல்லாத வசனத்தை வைத்துக்கொண்டு மன்னிக்கவும் முடியாது, மன்னிப்புக் கேட்கவும் முடியாது. யார் யாரை மன்னிப்பது?

இப்போது சிலர் கைதட்டியிருப்பீர்கள். பொறுங்கள். இனி நம்முடைய முறை.

வலிகாமத்தில் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அந்த மழை செம்மண்ணுக்குள்ளால் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்குகிறது. கீழே கடலின் உவர்நீர், அதன்மேல் மிதக்கிற நன்னீர். அந்த நன்னீரின் ஒரு வாசல்தான் கீரிமலை. உப்புநீரைவிட நன்னீர் பாரம் குறைவு. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேலே 1 மீற்றரை இறக்கினால் கீழே உவர் 40 மீற்றர் ஏறப் பார்க்கும்.

அந்தக் காலத்தில் துலா மிதித்து, பட்டை பிடித்து, தண்ணி மாறி இறைத்தார்கள். ஆங்கிலத்தில் அது "ட்ரோ". இழுத்து எடுப்பது. இழுக்கிறவருக்குக் களைக்கும், களைத்தால் நிற்பார், கிணறும் ஊறும். இன்றைக்கு மிஷின். அது "பம்ப்". மிஷினுக்குக் களைப்பில்லை. நாம் இரண்டுக்கும் "இறைப்பு" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அப்பா இறைத்ததைத்தான் நாமும் இறைக்கிறோம் என்று நினைக்கிறோம். பிறகு சொல்கிறோம்: "கிணறு உவராப் போச்சு." போச்சா? உவராக்கியது யார்?

கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலசலகூடக் குழி. "அது நிலத்துக்குள்ள இழுபட்டுப் போயிடும்." தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சி உரம். "மழைக்குக் கரைஞ்சு போயிடும்." எங்கே போகும்? குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அங்கேயும் ஒன்றும் தானாகக் கசியவில்லை. நாம் கசிய விடுகிறோம். நிறுவனத்துக்குச் சொன்ன அதே வினைச்சொல் நமக்கும் பொருந்தும்.

பள்ளிவாசல் ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு முத் அளவு தண்ணீரில், முக்கால் லீற்றருக்கு மேற்படாத நீரில், வுழூ செய்தார்கள் என்பது நமக்குத் தெரிந்த ஹதீஸ். நாம் பைப்பை முழுதாகத் திறந்து விட்டுத் தலையைத் தடவுகிறோம். "தண்ணி ஓடுது" என்கிறோம். ஓடவில்லை. ஓட விடுகிறோம்.

இனி, வரப்போகும் கொமென்ற்களுக்கு முன்கூட்டியே பதில்.

"ஆங்கிலத்தில சித்தி எடுக்கவே கஷ்டப்படுகிற பிள்ளைக்கு இந்த நுணுக்கம் எதற்கு, சேர்?" கஷ்டப்படுகிற பிள்ளைக்குத்தான் இது முதலில் வேண்டும். நாங்கள் புதுச் சொல் நூறு கேட்கவில்லை. பிள்ளைக்குத் தமிழில் தெரிந்த வித்தியாசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குள் கூட்டிப்போகச் சொல்கிறோம். பட்டியலைப் பாடமாக்கிய பிள்ளை பரீட்சை முடிய மறக்கும். கேணியைப் பார்த்துப் படித்த பிள்ளை மறக்காது.

"ஆதாரம் இல்லாமல் ஆளைச் சொல்லக்கூடாதுதானே?" மிகச் சரி. ஆதாரம் வரும்வரை "கிணற்றில் ஒயில் காணப்பட்டது" என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் "வோஸ் ஃபவுண்ட்". அது கண்ணால் கண்டதைச் சொல்கிற நேர்மையான வசனம். ஆனால் "கசிந்தது" அப்படியில்லை. அது ஒருவரும் செய்யவில்லை என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்கிற வசனம். அவதானம் வேறு, ஒளிப்பு வேறு.

"ஆசிரியர் பாடத்தைப் படிப்பிச்சால் போதும்." வினைச்சொல் பாடம்தான். நாங்கள் பாடத்தைத்தான் பேசுகிறோம்.

ஆகவே கேட்பது மூன்று.

ஒன்று, ரியூசன் நடத்துகிற தம்பி தங்கச்சிமாரே, ஒரு ஆங்கில வினைக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று பட்டியல் போடுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு வினையோடும் மூன்று கேள்வி போடுங்கள்: யார் செய்தது? எதற்குள்ளால் போனது? எங்கே போய்ச் சேர்ந்தது?

இரண்டு, அம்மா அப்பாமாரே, பிள்ளை வீட்டில் "பால் சிந்திட்டுது" என்று வந்து நின்றால் அடிக்காதீர்கள். "நான் சிந்திட்டன்" என்று சொல்லப் பழக்குங்கள். சொன்னால் பாராட்டுங்கள். நாளைக்கு ஒரு அலுவலகத்தில் இருந்துகொண்டு "நாங்கள் விட்ட பிழை" என்று சொல்லக்கூடிய ஆள் அப்படித்தான் வருவார்.

மூன்று, சனசமூக நிலையங்களும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் மனு எழுதும்போது ஒவ்வொரு வசனத்திலும் எழுவாயைத் தேடுங்கள். இல்லாவிட்டால் மனுவை அனுப்பாதீர்கள்.

அந்தப் பிள்ளை இன்றைக்கு வளர்ந்துவிட்டாள். எங்கே இருந்தாலும் இதை வாசித்தால் இது உனக்கு, மகள். அந்தக் கட்டுரையில் வெட்டிய ஒரு புள்ளியைப் பத்து வருடம் பிந்தித் திருப்பித் தருகிறோம். உன் வினைச்சொல்லில் கொஞ்சம் பிழை இருந்தது. உன் எழுவாய் சரியாக இருந்தது. நாங்கள் பிழையைத் திருத்துகிறோம் என்று சரியை வெட்டினோம்.

வெட்டுப்படவில்லை, மகள். நாங்கள்தான் வெட்டினோம்.